பி.எஸ்சி சைக்காலஜி நான்காம் செமஸ்டர்: எலெக்டிவ், அரியர், பி.ஜி எல்லாமே குழப்பம் (சோசியாலஜி படிக்கும் தங்கைக்கும் சேர்த்துக் கேட்கிறேன்)

கல்லணைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்சி சைக்காலஜி படிக்கிறேன், நான்காம் செமஸ்டர் இப்போதுதான் ஆரம்பிக்கிறது, 2027-ல் முடிப்பேன். அடுத்த வாரத்துக்குள் எலெக்டிவ் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டே இரண்டுதான் இருக்கிறது. ஒன்று கவுன்சலிங் சைக்காலஜி, இன்னொன்று ஆராய்ச்சி முறைகளும் புள்ளியியலும். என் வகுப்பில் கிட்டத்தட்ட எல்லாருமே கவுன்சலிங்தான். எனக்கும் அதுதான் ஆசை, ஏனென்றால் அலைடு ஸ்டாட்டிஸ்டிக்ஸில் ஏற்கெனவே ஒரு அரியர் நிற்கிறது, திரும்பவும் அந்தப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது. ஆனால் எங்கள் எச்.ஓ.டி மேடம் "பின்னாடி அழாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார், எதற்கு அழ வேண்டியிருக்கும் என்று சொல்லவில்லை.

இது போதாதென்று, ஆறு மாத ஆன்லைன் கவுன்சலிங் டிப்ளமோ ஒன்று இன்ஸ்டாகிராமில் விளம்பரமாக வந்துகொண்டே இருக்கிறது. 24,000 ரூபாய், முடித்தால் 'சர்டிஃபைடு சைக்காலஜிஸ்ட்' என்று சான்றிதழ். இதைச் சேர்த்து முடித்துவிட்டு, டிகிரி ஆனதும் வேலைக்குப் போய்க்கொண்டே எம்.எஸ்சியைத் தொலைதூரக் கல்வியில் முடிக்கலாம் என்பதுதான் என் திட்டம். அப்பா உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். "முடிச்சா நீ டாக்டரா, டீச்சரா, அதை மட்டும் சொல்லு" என்கிறார். எனக்கே தெரியவில்லை.

அப்புறம் என் சித்தி மகள். விழுப்புரத்தில் அரசுக் கல்லூரியில் பி.ஏ. சோசியாலஜி, என்னுடைய அதே வருடம், தமிழ் மீடியம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய் வருகிறது, வீட்டில் பெரிய செலவு இல்லை. ஆனால் யாரைக் கேட்டாலும் "இதைப் படிச்சிட்டு குரூப் ஃபோர் எழுது" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. அவளுக்கு அந்தப் பாடம் உண்மையிலேயே பிடித்திருக்கிறது, அதுதான் பிரச்சினையே. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி:

தங்கச்சி, முதல் வேலையாக அந்த 24,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள். நான் அரசு மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். அந்தச் சான்றிதழோடு எங்களிடம் வேலை கேட்டு வருகிறவர்களை மாதாமாதம் பார்க்கிறோம், பதில் சொல்லவே சங்கடமாக இருக்கும்.

இந்தியாவில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று பலகை மாட்ட வேண்டுமானால் ஆர்.சி.ஐ, அதாவது இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் உன் பெயர் இருக்க வேண்டும். 1992 சட்டம் அது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டமும் ஆர்.சி.ஐ அங்கீகரித்த தகுதி உள்ளவரைத்தான் மருத்துவ உளவியலாளர் என்கிறது. ஆன்லைன் டிப்ளமோக்காரர்கள் கொடுக்கும் சான்றிதழுக்கும் இந்தப் பதிவேட்டுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது.

இரண்டாவது, உன் தொலைதூர எம்.எஸ்சி திட்டம். அது இப்போது இல்லை. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூர முறையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, நிறுத்திவிட்டது. 2021-ல் வந்த துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தின் கீழ் சைக்காலஜியும் வருவதுதான் காரணம். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் முடிக்கலாம், புதிதாகச் சேர முடியாது. இதைச் சொல்லாமல் இன்னும் யாராவது அட்மிஷன் போடுகிறேன் என்றால் ஒதுங்கிக்கொள். ஆக, பி.ஜிக்கு இரண்டு வருடம் கல்லூரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும், வீட்டில் இப்போதே பேசி வை. அந்தப் பேச்சை 2027 மே மாதம் ஆரம்பித்தால் அப்பாவுக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம்.

மூன்றாவது, எங்கள் காலத்து வழியை அப்படியே பார்த்து நடக்காதே. நாங்கள் எம்.எஸ்சி முடித்து, நுழைவுத்தேர்வு எழுதி, இரண்டு வருடம் எம்.ஃபில் மருத்துவ உளவியல் செய்தோம். பெங்களூர் நிம்ஹான்ஸ், இங்கே முட்டுக்காட்டில் இருக்கும் நிப்மெட், இப்படிச் சில இடங்கள்தான், அதிலும் சீட்டு விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான். எம்.ஃபில் பட்டத்தையே யுஜிசி 2022-ல் எடுத்துவிட்டு, மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரை அவகாசம் கொடுத்தது. நீ பி.ஜி முடிக்கிறபோது 2029. அதனால் ஆர்.சி.ஐ புதிதாக வகுத்திருக்கும் எம்.ஏ. மருத்துவ உளவியல், அதற்கு மேல் சை.டி (Psy.D) என்கிற முனைவர் நிலைப் படிப்பு, இந்தப் பாதையைத்தான் நீ பார்க்க வேண்டும். கல்லூரியின் விளம்பரத்தை நம்பாதே, ஆர்.சி.ஐ தளத்தில் அந்தந்த வருடத்துக்கு அங்கீகாரம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் இருக்கும், அதில் கல்லூரியின் பெயர், படிப்பின் பெயர், எந்த வருடம் வரை அனுமதி, மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். 'எம்.எஸ்சி கிளினிக்கல் சைக்காலஜி' என்று பெயர் வைத்துவிட்டு ஆர்.சி.ஐ அனுமதியே இல்லாமல் நடக்கிற படிப்புகள் நிறைய. அவை செல்லாத பட்டம் இல்லை, ஆனால் அதை வைத்துப் பதிவு கிடைக்காது. இந்த வித்தியாசத்தைச் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்கிறவர்கள்தான் அதிகம்.

எலெக்டிவ்? உன் எச்.ஓ.டி சொல்வதுதான் சரி. கவுன்சலிங் பேப்பர் உனக்கு எம்.எஸ்சியில் திரும்ப வரும், இன்னும் ஆழமாக வரும். புள்ளியியலை அங்கே யாரும் ஆனா ஆவன்னாவிலிருந்து சொல்லித்தர மாட்டார்கள்.

மூணாவதுபெஞ்ச்:

எல்லாரும் பைத்தியக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கத்தான் சைக்காலஜி என்று நினைத்துக்கொண்டு பதில் எழுதுகிறீர்களே (வார்த்தைக்கு மன்னிக்கவும், எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்பார்கள்). நான் பி.எஸ்சி சைக்காலஜி, அப்புறம் எச்.ஆர் மேலாண்மையில் எம்.ஏ. இப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஆளெடுப்பு, பயிற்சி, குறைதீர்ப்பு எல்லாம் என் தலையில்தான். எம்.பி.ஏ படித்து வந்தவர்களைவிட நேர்காணலில் நமக்குக் கை நன்றாக ஓடும், ஒரு டெஸ்ட் வாங்கினால் அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று கேட்கத் தெரியும். பதிவேடு, லைசென்ஸ் எந்தத் தொல்லையும் இல்லை. தங்கை, உனக்கு மருத்துவமனை வாடையே ஆகாது என்றால் நிறுவன உளவியல் பேப்பர் ஐந்தாம் செமஸ்டரில் வரும், அதை விடாதே. எக்செலில் பைவட் டேபிள் போடக் கற்றுக்கொள், மிச்சத்தை வேலையில் கற்றுக்கொள்ளலாம். அப்பாவிடம் "ரெண்டும் இல்லை, ஆஃபீசர்" என்று சொல்லிவிடு.

ரெக்கார்டுநோட்டு:

நான் கல்லூரியில் சைக்காலஜி எடுக்கிறவள். வேப்பமரத்தடி சொன்னதில் பெரும்பகுதி சரி. எலெக்டிவ் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'புள்ளியியல் எடு' என்று எல்லாரும் சொல்வார்கள், பயப்படுகிற பிள்ளை அதை எப்படித் தாண்டுவது என்று சொல்ல மாட்டார்கள்.

உங்களுக்கு இந்த வருடம் கண்ணாடி வரைதல் சோதனை வந்திருக்கும், இல்லையென்றால் வரும். நட்சத்திரத்தை நேராகப் பார்க்க முடியாமல் தடுப்பு வைத்து, எதிரில் உள்ள கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இரண்டு கோடுகளுக்கு நடுவில் பென்சிலை ஓட்டுவது. ஒருத்தி ஸ்டாப் வாட்சைப் பிடிப்பாள், ஒருத்தி கோட்டைத் தாண்டிய பிழைகளை எண்ணுவாள். முதல் முயற்சியில் மூலைக்கு வந்ததும் கை அப்படியே நின்றுவிடும், எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியாது. வலது கையில் பழகிவிட்டு இடது கைக்கு மாறினால் அங்கேயும் பிழை குறைந்திருக்கும், அதுதான் பயிற்சி மாற்றம். அருமையான சோதனை. ஆனால் ரெக்கார்டைத் திருத்த உட்கார்ந்தால், வகுப்பு முழுக்க எல்லாருடைய அகநோக்கு அறிக்கையிலும் (செய்யும்போது தனக்கு எப்படி இருந்தது என்று எழுதுவது) ஒரே வாக்கியம்: "முதலில் தடுமாற்றமாக இருந்தது, போகப் போகப் பழகியது." சீனியர் நோட்டிலிருந்து வந்த வாக்கியம் அது, அந்த சீனியருக்கு அவளுடைய சீனியரிடமிருந்து வந்தது. எண்கள்கூடச் சில சமயம் அப்படித்தான் வருகின்றன.

கல்லணைக்காரி, நீ செய்ய வேண்டியது இதுதான். அந்தச் சோதனையை நிஜமாகவே செய்து, வகுப்பில் எல்லாருடைய நேரத்தையும் பிழையையும் ஒரு தாளில் வாங்கிக்கொள். ஜமோவி என்று ஒரு புள்ளியியல் மென்பொருள் இருக்கிறது, ஜாஸ்ப் என்று இன்னொன்று, இரண்டும் இலவசம், எஸ்.பி.எஸ்.எஸ்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சாதாரண மடிக்கணினியில் ஓடும், கல்லூரி ஆய்வகத்திலும் போட்டுக்கொள்ளலாம். முதல் முயற்சியின் சராசரி, கடைசி முயற்சியின் சராசரி, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பது), அப்புறம் இணைந்த மாதிரிகளுக்கான டி-சோதனை (இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாக வந்ததா என்று பார்ப்பது). இவ்வளவுதான். உன் தோழி கமலியின் கை நடுங்கி அவள் எண் மட்டும் வானத்தில் நிற்கிறது என்று நீயே கண்ணால் பார்த்திருப்பாய், அப்போது திட்ட விலக்கம் ஏன் பெருத்தது என்று யாரும் விளக்க வேண்டியதே இல்லை. அரியர் பேப்பரில் வருகிற கணக்கும் இதேதான், அங்கே எண்களுக்குப் பின்னால் ஆள் இல்லாததால்தான் அது பூதமாகத் தெரிகிறது.

அரியரை இந்த ஏப்ரலிலேயே எழுதி முடித்துவிடு. ஐந்தாம் செமஸ்டருக்குத் தள்ளாதே, அங்கே பாடச்சுமை கூடும். ஆறாம் செமஸ்டரில் புராஜெக்ட், வைவா, அதே நேரத்தில் சியுஇடி பி.ஜி. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான அந்தத் தேர்வு மார்ச்சில் வரும், விண்ணப்பத்தை அதற்குச் சில மாதம் முன்பே போட வேண்டும். நம் பிள்ளைகள் செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகு மே, ஜூனில்தான் பி.ஜியைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கிறார்கள், அதற்குள் புதுச்சேரி, ஐதராபாத், திருவாரூர் எல்லாவற்றின் கதவும் மூடியிருக்கும். மிஞ்சுவது, கேட்ட கட்டணத்தைக் கொடுத்துச் சேரும் இடங்கள்தான்.

பரிந்துரைக் கடிதம் பற்றியும் ஒரு வார்த்தை. கடைசி நாளில் வந்து "மேம், ஒரு எல்.ஓ.ஆர்" என்று நின்றால், எனக்கு அந்தப் பெண்ணின் பதிவெண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாது. யாராவது ஒரு ஆசிரியரிடம் இப்போதிருந்தே ஒரு சின்ன வேலையை எடுத்துச் செய், கேள்வித்தாள் தட்டச்சானாலும் சரி, தரவு ஏற்றுவதானாலும் சரி. அப்போதுதான் எழுத எனக்கு விஷயம் இருக்கும்.

மணிச்சத்தம்:

வேப்பமரத்தடி அவர்களே, நீங்கள் சொல்வது மருத்துவமனைக்குச் சரி, எல்லாருக்கும் அதையே சொல்லிவிடாதீர்கள். நான் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் கவுன்சலராக இருக்கிறேன். எங்கள் வேலைக்கு ஆர்.சி.ஐ பதிவு தேவையில்லை. சிபிஎஸ்இ இணைப்பு விதிகளின்படி உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கவுன்சலர் வேண்டும், நான் சேர்ந்தபோது கேட்ட தகுதி சைக்காலஜியில் பட்டமோ பட்டமேற்படிப்போ, அல்லது வேறு பட்டத்தோடு வழிகாட்டலும் ஆலோசனையும் பற்றிய டிப்ளமோ. நான் ஒரு பல்கலைக்கழகத்தில் நேரில் போய் ஒரு வருட முதுநிலை டிப்ளமோ முடித்தேன், மேற்பார்வையோடு ஆட்களைப் பார்த்த மணிநேரங்கள் அதில் இருந்தன, அதனால்தான் முதல் நாள் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் கதவைச் சாத்திவிட்டு அழ ஆரம்பித்தபோது என்ன செய்வது, யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரிந்தது. டிப்ளமோ என்றாலே குப்பை என்பது சரியில்லை.

வேப்பமரத்தடி:

ஒப்புக்கொள்கிறேன், நேரில், மேற்பார்வையோடு நடப்பது வேறு. நான் சொன்னது ஆறு மாதம் வீடியோ பார்த்துவிட்டு 'சைக்காலஜிஸ்ட்' என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதை. எந்தப் படிப்பானாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: எத்தனை மணிநேரம் நேரில் ஆட்களைப் பார்க்க விடுவீர்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடலாம்.

காசு செலவில்லாமல் இப்போதே ஏதாவது செய்யத் துடித்தால், கோடை விடுமுறையில் உன் ஊர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் துறைத்தலைவர் கடிதத்தோடு போய்க் கேள். மாவட்ட மனநலத் திட்டம் நடக்கிற இடம் அது, மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் மூன்று பேரும் ஒரே நோயாளியை எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று ஒரு மாதம் ஓரமாக நின்று பார்த்தாலே, இந்த வேலை உனக்கு ஒத்து வருமா என்பது புரிந்துவிடும். சென்னைக்குப் போய்த் தங்க முடியுமானால் ஸ்கார்ஃப், பேன்யன் போன்ற மனநலத் தொண்டு நிறுவனங்களில் பயிற்சிக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று எழுதிக் கேட்கலாம். ஒத்து வரவில்லை என்று தெரிந்தாலும் லாபம்தான், மூணாவதுபெஞ்ச் சொன்ன எச்.ஆர் வழி இருக்கவே இருக்கிறது.

கல்லணைக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தொலைதூரக் கல்வி நின்றுபோனது எனக்குத் தெரியவே தெரியாது, சீனியர் அக்காக்கள் எல்லாம் அப்படித்தான் படித்தார்கள். அப்பாவிடம் இன்று பேசினேன். இரண்டு வருடக் கட்டணம் எவ்வளவு என்று எழுதிக் கொண்டுவரச் சொன்னார், திட்டவில்லை. எலெக்டிவ் புள்ளியியலே எடுக்கலாம் என்று இருக்கிறேன் (ரெக்கார்டுநோட்டு மேம், உங்கள் வகுப்பில் கமலி என்று நிஜமாகவே யாராவது இருக்கிறார்களா?). தங்கைக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லையே.

எல்லைக்கல்:

நான் சொல்கிறேன். சோசியாலஜியில் பிஎச்.டி செய்துகொண்டிருக்கிறேன், நானும் தமிழ் மீடியம்தான்.

தங்கை விழுப்புரத்தில் படிக்கிறாள் என்றதுமே எழுத வேண்டும் என்று தோன்றியது. அவள் இருக்கிற மாவட்டத்திலேயே, திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், இருவேல்பட்டு என்று ஒரு ஊர் இருக்கிறது. 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை விட்டு ஆய்வு செய்த ஊர்களில் ஒன்று அது. இருபது வருடம் கழித்து தாமஸும் ராமகிருஷ்ணனும் அதே ஊருக்குப் போனார்கள். 1980-களில் குகனும் மென்சரும் போனார்கள். 2008-ல் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் போனார்கள். நிலம் யார் கையில் இருந்தது, யார் கைக்கு மாறியது, கூலி எப்படிக் கொடுக்கப்பட்டது, சாதி எங்கே தளர்ந்தது, எங்கே தளரவில்லை என்று ஏறக்குறைய நூறு வருடத்துக்கு ஒரே ஊரைப் பற்றிய பதிவு. உலகத்தில் இப்படிக் கிடைப்பது அபூர்வம். இது பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் இருக்கிறது, அவள் வகுப்பில் இதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம்தான். பரீட்சைக்கு வருகிற கேள்வி என்னவோ 'டர்க்ஹைமின் தற்கொலைக் கோட்பாட்டை விவரி' என்பதுதான்.

அதனால் என் முதல் யோசனை, கடைசி வருடப் புராஜெக்டை அவள் சும்மா கடமைக்குச் செய்யக் கூடாது. 'சமூக ஊடகங்களின் தாக்கம்' என்று கூகுள் ஃபார்மில் ஐம்பது தோழிகளிடம் கேட்டு வட்ட வரைபடம் போடுவது ஒரு புராஜெக்டே இல்லை, எல்லாக் கல்லூரியிலும் அதுதான் நடக்கிறது. அதற்குப் பதில் தன் தெருவில் முப்பது வீடு போதும். யார் எங்கே வேலை செய்கிறார்கள், அவர்களுடைய அம்மா அப்பா என்ன வேலை செய்தார்கள், நிலம் இருந்ததா, எப்போது விற்றார்கள். தலைமுறைக்குத் தலைமுறை என்ன மாறியது என்பது அந்த முப்பது வீட்டிலேயே தெரிந்துவிடும்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டால் பாதிப் பெண்கள் "சும்மா வீட்லதான் இருக்கேன்" என்பார்கள், நீ அட்டவணையில் 'வேலை இல்லை' என்று எழுதிவிடுவாய். திண்ணையில் உட்கார்ந்து, "காலையில எந்திரிச்சதிலேருந்து என்ன செஞ்சீங்க, சொல்லுங்க" என்று கேள். மாட்டைக் கறந்து டிப்போவில் ஊற்றியது, மணிலா (நிலக்கடலை) உரித்தது, ஆட்டுக்குத் தழை ஒடித்து வந்தது, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது என்று வரும். அதில் கூலி வருவது எது, வராதது எது என்று பிரித்து எழுது. 'வேலை இல்லை' என்று போட்டிருக்க வேண்டிய இடத்தில் ஒரு பத்தி எழுதுகிற அளவுக்கு விஷயம் இருக்கும். அதைத்தான் எம்.ஏ நேர்காணலில் கேட்பார்கள்: நீ என்ன கேட்டாய், அவர்கள் என்ன சொன்னார்கள், இரண்டுக்கும் நடுவில் என்ன தவறிப்போனது.

இனிப் பிழைப்புக்கு வருகிறேன். சோசியாலஜி முடித்தால் வேலை இல்லை என்பது பாதி உண்மை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) வேலைகளுக்குச் சோசியாலஜி, சைக்காலஜி, சமூகப் பணி மூன்று பட்டங்களையும் கேட்பார்கள், எச்.ஐ.வி ஆலோசனை மையங்களிலும் அப்படித்தான். ஒப்பந்த வேலை, சம்பளம் பதினெட்டாயிரத்துச் சொச்சம், பெரிதாகச் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அது பரவாயில்லை என்று தோன்றினால் எம்.எஸ்.டபிள்யூ, அதாவது சமூகப் பணி முதுகலைப் பக்கம் போகலாம், களப்பணி கட்டாயம் என்பதால் நிறுவனங்களோடு பழக்கம் ஏற்படும். பாடம்தான் பிடிக்கிறது என்றால் எம்.ஏ. சோசியாலஜி, அதன் பிறகு நெட், அதாவது கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு. இரண்டாம் தாள் மட்டும் 100 கேள்வி, 200 மதிப்பெண். அதில் ஜே.ஆர்.எஃப் என்கிற அந்த உதவித்தொகை கிடைத்துவிட்டால் மாதம் 37,000 ரூபாய், நம்மூரில் அந்த வயதில் அவ்வளவு யார் தருகிறார்கள்? பக்கத்திலேயே காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம், மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் அடக்கம்தான். ஆனால் அதற்கு சியுஇடி எழுத வேண்டும். ரெக்கார்டுநோட்டு சொன்ன மார்ச் கணக்கு அவளுக்கும் உண்டு.

ஏரிக்கரைச்சித்ரா:

நான்தான் அந்தத் தங்கை. அக்கா லிங்க் அனுப்பினாள். எல்லைக்கல் அண்ணா, இருவேல்பட்டு எங்கள் அத்தை ஊருக்குப் பக்கத்து ஊர், இவ்வளவு நாளாக அது ஒரு பஸ் ஸ்டாப் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். ஒரு கேள்வி. சியுஇடி, நெட் எல்லாம் தமிழில் எழுதலாமா? எனக்கு ஆங்கிலத்தில் படித்தால் புரியும், எழுதத்தான் வராது.

எல்லைக்கல்:

அண்ணா இல்லை, அக்கா :) தமிழில் எழுத முடியாது தங்கச்சி, இரண்டுமே ஆங்கிலம் அல்லது இந்திதான். ஆனால் இரண்டும் கொள்குறித் தேர்வு, எழுத வேண்டியது ஒன்றும் இல்லை, வாசித்துப் புரிந்தால் போதும். உனக்கு வாசிக்க வருகிறது என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு என்சிஇஆர்டி சோசியாலஜிப் புத்தகங்களை ஆங்கிலத்திலேயே இறக்கிக்கொள், இலவசம், மொழியும் எளிது. அதை முடித்த பிறகு இக்னோவின் இ-ஞானகோஷ் தளத்தில் எம்.ஏ பாடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு இயலையும் ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் அரைப்பக்கம் எழுது, எதை எழுத முடியவில்லையோ அது புரியவில்லை என்று அர்த்தம். கலைச்சொற்களுக்கு இரண்டு மொழியிலும் ஒரு நோட்டு போட்டுக்கொள். எம்.ஏ சேர்ந்த பிறகு ஆங்கிலத்தில் கட்டுரை எழுத வேண்டிவரும், முதல் செமஸ்டர் கண்ணைக் கட்டும், சமாளித்துவிடலாம்.

தமிழில்தான் எழுத வேண்டும் என்றால் அதற்கும் ஒரு இடம் இருக்கிறது. யுபிஎஸ்சி மெயின்ஸைத் தமிழிலேயே எழுதலாம், விருப்பப்பாடமாகச் சோசியாலஜி இருக்கிறது, இரண்டு தாளுக்கும் சேர்த்து 500 மதிப்பெண். முதல் தாளில் மார்க்ஸ், டர்க்ஹைம், வெபர், இரண்டாம் தாள் முழுக்க இந்தியச் சமூகம், உன் பி.ஏ பாடத்தோடு நிறைய ஒட்டிப்போகும். நான் முதல்வன் திட்டத்தில் மதிப்பீட்டுத் தேர்வு வைத்து ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, முதல்நிலைக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் என்று பத்து மாதம் தருகிறார்கள். ஆனால் குடும்பத்தில் நாலு பேர் சொல்கிறார்கள் என்று அதில் இறங்காதே, வருடங்களைத் தின்றுவிடும். எம்.ஏ சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு எழுதினால் சரி.

மூணாவதுபெஞ்ச்:

சித்ரா, குரூப் ஃபோரும் ஒரு பக்கம் போட்டு வை, யார் கேட்டாலும் "எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக எம்.ஏ படிக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடியது.

ரெக்கார்டுநோட்டு:

கமலி இருக்கிறாள், பெயர்தான் வேறு. கல்லணைக்காரி, எலெக்டிவ் படிவம் கொடுக்கும்போதே அரியர் தேர்வுக்கும் கட்டணம் கட்டிவிடு, கடைசித் தேதிக்குப் பிறகு அபராதம் போடுவார்கள். அந்த ஒரு பேப்பருக்காக கன்சாலிடேட்டடு மார்க் ஷீட் தள்ளிப்போய், கிடைத்த பி.ஜி சீட்டைச் சேர முடியாமல் விட்ட பிள்ளைகள் வருடத்துக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள்.